வீட்டு வாசலில் ஜீப் வேலை: மஹிந்திரா ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே ஜீப் என்று சொல்வது மஹிந்திராவின் ஃபோர் வீல் வண்டிகளை. சிஜே, எம்எம் 540, மேஜர், 2010-இல் வந்த முதல் தார், இவைதான் கணக்கு. 2020-இல் வந்த புதுத் தாருக்கும் சில பதில்கள் பொருந்தும். போடி, கம்பம், வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஓடும் வண்டியானாலும் சரி, லீவு நாளில் மட்டும் மலையேறும் கோயம்புத்தூர் வண்டியானாலும் சரி, வருகிற கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. தண்ணீரும் மண்ணும் கிரீஸுக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும், அதைச் சமயத்தில் யாரும் வெளியே எடுப்பதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

எவ்வளவு வேலையை வீட்டிலேயே செய்யலாம்? எதைப் பட்டறைக்கு விட வேண்டும்?

கிரீஸ் அடிப்பது, எல்லா ஆயிலும் மாற்றுவது, வீல் பேரிங், யூஜே கிராஸ் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு), பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஸ்பிரிங் புஷ், டீசல் ஃபில்டர், ஹப் கழற்றிச் சுத்தம் செய்வது, இவ்வளவும் வாசலில் ஒரு தார்ப்பாய் விரித்துச் செய்துவிடலாம். இந்த ஜீப்புகளின் நல்ல குணம் அதுதான். ஸ்பேனர் போகாத சந்து அதிகம் கிடையாது, கீழே படுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கிரௌன் பினியன் (ஆக்ஸில் நடுவில் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) செட்டிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பல்லின் எந்த இடம் எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்துப் பார்த்து ஷிம் (மெல்லிய தகடு) போட்டுக் கூட்டும் வேலை அது, டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும். தப்பாக உட்கார்ந்தால் முதலில் ஊளையிடும், அப்புறம் பல்லே போய்விடும். டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டியவை. சேசிஸில் விரிசல் என்றால் அதற்கென்று இருக்கிற வெல்டரிடம்தான் போக வேண்டும். தெருமுனையில் கேட் செய்பவரிடம் கொண்டு போக வேண்டாம்.

என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேண்டும்?

ஒரு நல்ல ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் செட், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன், இரண்டு டன்னுக்குக் குறையாத ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்ட். பழைய சிஜேயில் இன்ச் அளவு நட்டும் எம்எம் அளவு நட்டும் கலந்து இருக்கும், இன்ஜின் மாற்றிய வண்டியில் இன்னும் கலந்திருக்கும். அதனால் ஒரு செட் போதாது. எதுவும் சரியாக உட்காராதபோது அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போட்டுத் திருகி நட்டின் முனையை மழுக்குவதைவிட, கொஞ்சம் செலவு செய்து சரியான அளவை வாங்கிவிடுவது மேல்.

ஸ்டாண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்திக் கீழே படுக்கவே கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சிஜே 3பி போன்ற பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு சின்ன டிரம்மில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், ஷாஃப்ட் நின்றபடியே இருக்க, தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப் பக்கமும் சுற்றும். இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே. கைப்பிரேக் முழுக்கப் போட்டிருக்கும், கியரிலும் இருக்கும், வண்டி மட்டும் நகர்ந்துவிடும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

கிரீஸ் எங்கெங்கே அடிக்க வேண்டும், எப்போது?

இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் உள்ள யூஜே கிராஸ்கள், ஸ்லிப் ஜாயின்ட், ஸ்பிரிங் ஷேக்கில், டை ராட் முனைகள், கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டியில் ஸ்டியரிங் பெல் கிராங்க். நம்பர் 2 லித்தியம் கிரீஸ் போதும். ரோட்டில் மட்டும் ஓடினால் மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சரி. ஆற்றிலோ ஓடையிலோ இறங்கியிருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வீட்டுக்கு வந்த மறுநாளே அடித்துவிடுங்கள்.

அடிக்கும் முன் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் தலையில் இருக்கும் மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். கிராஸில் நாலு மூடி இருக்கிறது. நாலிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கி வந்து, கறுப்பு போய்ப் புது நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், அந்த மூடிக்குள் ஊசி பேரிங் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் கிராஸை மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் மூடிக்குள் காப்பிப்பொடி மாதிரி சிவந்த துருத்தூள் இருக்கும்.

ஸ்லிப் ஜாயின்ட்டில் மட்டும் அளவாக அடியுங்கள். உள்ளே கிரீஸை நெருக்கித் திணித்தால் ஷாஃப்ட் உள்ளே போய் வர இடமில்லாமல் முனை மூடி பிய்த்துக்கொள்ளும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் இரண்டு பாதியிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி முழுக்க அதிரும், அந்த அதிர்வுக்கு டயர், பேலன்ஸ், கிளட்ச் என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போவீர்கள்.

முன்னால் பின்னால் கியர் மாற்றும்போது அடியில் "டங்" என்று ஒரு சத்தம். என்ன அது?

முதல் சந்தேகம் யூஜே கிராஸ். கியரை நியூட்ரலில் போட்டு, கட்டை வைத்து, கீழே படுத்து ஷாஃப்ட்டைத் திருகிப் பாருங்கள். கிராஸுக்கும் யோக்குக்கும் நடுவில் கொஞ்சமாவது ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கிராஸ் இறுக்கமாக இருந்து ஷாஃப்ட்டே பாதிச் சுற்றுவரை சும்மா திரும்பினால், கிரௌனிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ தேய்மானம். பழைய வண்டியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டு லூசாக இருந்தாலும் இதே சத்தம் வரும், அதை மறக்காமல் பாருங்கள்.

எதில் எந்த ஆயில்?

முன், பின் கிரௌனுக்கு 80டபிள்யூ-90 கனத்தில், ஜிஎல் 5 தரக் கியர் ஆயில். பழைய கியர்பாக்ஸுக்கு அதே கனத்தில் ஜிஎல் 4. ஜிஎல் 5-இல் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாது, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொன்னாலும் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் இன்ஜின் உள்ள முதல் தார்), புதுத் தார் இரண்டுக்கும் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

ஒரு சின்னப் பழக்கம்: கீழே வடிக்கும் பிளக்கைத் திறக்கும் முன், மேலே ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்து முடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

வந்த ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுவென்று மெல்லிய தூள் தெரிவது சகஜம். விரலில் நெருடும் துண்டு வந்தால் கிரௌன் கவரைத் திறந்தாக வேண்டும்.

கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறுகிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எப்படி?

இரண்டும் ஒட்டியே இருக்கின்றன, நடுவில் இருக்கும் சீல் தேய்ந்தால் ஆயில் இங்கிருந்து அங்கே போய்விடும். பழைய வில்லிஸ் (மஹிந்திரா ஜீப்பின் மூலமான அமெரிக்க ஜீப்) வம்ச வண்டிகளில் இது பிறவிக் குணம். சீல் மாற்ற வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும். கிளட்ச் வேலைக்கு எப்படியும் இறக்கும் நாள் வரும், அதுவரை மாதம் ஒருமுறை இரண்டு லெவலையும் பார்த்துச் சரிசெய்துகொண்டு ஓட்டலாம்.

தண்ணீரில் இறங்கி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஏன் தண்ணீர் உள்ளே போகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்த வண்டியின் கிரௌன் நன்றாகச் சூடாகியிருக்கும். அதே சூட்டில் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கும் இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ஆக்ஸில் மேல் இருக்கும் பிரீத்தர் (காற்று போய்வரும் துளை) திறந்திருந்தால் காற்றை இழுக்கும். மண் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீத்தரே தண்ணீருக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது, பிரீத்தரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, இன்ஜின் பே வரை மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். ஹோஸ் மடங்காமல், சைலன்சரில் படாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்து விஞ்ச்சும் லைட்டும் போடும் வண்டிகளில்கூட இந்த ஹோஸ் இருப்பதில்லை, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அப்புறம், ஓடைக்கு முன் ஐந்து நிமிஷம் நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆயில்களைப் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது, பிரேக் டிரம்முக்குள் சேறு இருந்தால் கழற்றிக் கழுவுவது. பழைய வண்டியில் முன் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) உருண்டையைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் சீலையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் உள்ளே இருப்பது கிரீஸ் இல்லை, சேறு. சிஆர்டிஇ தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அதில் டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் குடித்து வண்டி நின்றுவிட்டால், மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கயிறு கட்டி வெளியே இழுத்து, ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, தண்ணீர் வெளியே வந்த பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். புதுத் தாருக்குக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர். அது நின்ற தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழமே தள்ளும்.

ஃபோர் வீல் லீவர் விழுகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவே இல்லை.

முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டியில் இரண்டும் லாக்கில் இருக்கிறதா பாருங்கள். ஒன்று ஃப்ரீயில் இருந்தாலே போதும், டிஃபரன்ஷியல் மொத்த வேகத்தையும் அந்தப் பக்கம் விட்டுவிடும், லாக் ஆன சக்கரமும் சும்மா நிற்கும். இரண்டும் லாக்கில்தான் என்றால், முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, லீவரை டூ வீலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டோ எதிர்ச் சக்கரமோ சுற்ற வேண்டும். இரண்டுமே அசையவில்லை என்றால் அந்த ஹப் உள்ளே பிடிக்கவில்லை. கழற்றினால் பெரும்பாலும் கிரீஸ் கெட்டிப்பட்டு ஸ்பிரிங்கை நகரவிடாமல் வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெல்லிய கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். ஹப்புக்குள் கிரீஸை அப்பி வைத்தால் மறுபடி அதே கதைதான்.

லீவர் திரும்பி வரமாட்டேன் என்கிறதே?

தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டியிருப்பீர்கள். இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் போகும் தூரமும் பின் சக்கரம் போகும் தூரமும் வேறு வேறு, மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், தார் ரோட்டில் வழுக்காது, அதனால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி லீவரைப் பிடித்துக்கொள்ளும். நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போனால் விட்டுவிடும். கம்பியால் அடித்து இழுக்காதீர்கள்.

அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. மூன்று பட்டறை பார்த்துவிட்டேன், அண்ணே.

முன்பக்கம் ஒரே ஆக்ஸிலாக இருக்கும் ஜீப்புகளுக்கு இது பெரிய வியாதி. முதலில் ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் ஷாக்) வாங்கிப் போடாதீர்கள், அது வலியை மறைக்கும் மாத்திரை.

ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். மிதித்தும் அப்படியே இருந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். இப்போது இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள், அதில் வருவது டை ராட் முனை அல்லது ஸ்டியரிங் பாக்ஸ். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் அலைன்மென்ட் கடைக்குப் போவதில் பிரயோஜனமே இல்லை.

வீல் பேரிங் என்றால், பழைய ஜீப்பில் ஒரு நட்டு, ஒரு லாக் வாஷர், மேலே இன்னொரு நட்டு. பேரிங்கைக் கழுவி, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து ரோலர்களுக்கு நடுவில் புகும்படி அழுத்தி நிரப்புங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு பங்குச் சுற்று தளர்த்தி, வாஷரை மடித்து வெளி நட்டைப் பூட்டுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள்.

கிங் பின் தேய்ந்திருந்தால் பேரிங் மாற்றி, ஷிம் குறைத்து, நக்கிள் லேசான இறுக்கத்தோடு திரும்பும்படி வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் வீட்டில் செய்யலாம். எல்லாம் முடிந்த பிறகு டயர் பேலன்ஸ், டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு).

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது.

இழுக்கும் பக்கத்தைக் கழற்றாதீர்கள், எதிர்ப் பக்கத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ நனைந்திருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கும். ஆயிலில் ஊறிய ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்துவது வேலைக்கு ஆகாது, இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கிறது என்றால், ஈரம் ஏறியபின் 140-இலேயே கொதித்துவிடலாம். வால்பாறை இறக்கத்தின் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பெடல் பஞ்சு மாதிரி போவது இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரில் வாருங்கள்.

டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஊற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. எம்எம் 540, மேஜர் போன்ற பழைய இன்ஜினில் ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடியுங்கள். நுரை போய் வெறும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அப்புறம் டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அதே மாதிரி. அதற்கும் கேட்கவில்லை என்றால் இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்தால் காற்று வெளியேறும்.

சிஆர்டிஇ இன்ஜினில் இந்தக் கடைசி வேலையைச் செய்யவே கூடாது. அந்த ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஃபில்டர் வரை காற்றைப் போக்கி டீசல் ஏற்றுங்கள், அதற்கு மேல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அந்த ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிப்பது மட்டும் உங்கள் வேலை.

ஸ்பிரிங் பட்டைக்கு ஆயில் அடிக்கலாமா?

வேண்டாம், மண் ஒட்டும். யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டால் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள். அது லூசானால் சென்டர் போல்ட்டு அறுந்து ஆக்ஸில் நகர்ந்துவிடும், வண்டி நண்டு நடையில் போகும்.

பெரிய டயர், லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), ஸ்டீல் பம்பர் போடலாமா?

டயரில் ஒரு சுற்றுப் பெரியது என்றால் வண்டி தாங்கும். அதற்கு மேல் போனால் பிரேக், வீல் பேரிங், டை ராட் எல்லாம் முன்பே தேயும், லிஃப்ட் போட்டால் யூஜே கோணம் கெட்டு கிராஸ் சீக்கிரம் போகும். சட்டமும் இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்னால் போடும் புல் பார் சட்டத்துக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கரடுமுரடான பாதையில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கிப் பாருங்கள், பாதி மாடிஃபிகேஷன் தேவையே இல்லை என்று தெரியும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள், அதற்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சேசிஸில் குத்தியிருக்கும் நம்பரும் ஆர்சியில் இருக்கும் நம்பரும் ஒன்றா, இன்ஜின் நம்பரும் ஒன்றா என்பது முதல் வேலை. டூ வீல் டிரைவாகப் பதிவான வண்டியில் பின்னாளில் ஃபோர் வீல் ஏற்றியதும், ஹரியானாவின் மண்டி டப்வாலிப் பக்கம் பாடி கட்டி வந்ததும் சந்தையில் நிறைய. ஓடும் என்பது உண்மைதான், காகிதத்தில் மாட்டும். பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் ஆர்சி புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சேசிஸின் உள்பக்கத்தையும் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகளையும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. மண் தரையில் லோ கியரில் போட்டு, ஒரு இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், லீவர் துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் செலவு இருக்கிறது. அடியில் லேசான ஆயில் ஈரம் இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சொட்டுகூட இல்லாமல் அடிப்பக்கம் முழுக்கக் கழுவித் துடைத்து வைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் போய்ப் பாருங்கள். போகும்போதே பானட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள், அடுத்த முறை சொல்லாமல் போங்கள்.